காளையின் பெயரில் ஓர் இசைக்குழு

1976ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ‘வோஸா ஃப்ரைடே’ என்று ஒரு சின்ன இசைத்தட்டு வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: வாரம் முழுக்க உழைத்துச் சலித்த ஒரு தொழிலாளி, வெள்ளிக்கிழமையே சீக்கிரம் வந்து தொலையேன் என்று பாடுகிறான். தன் கஷ்டத்தை அப்பனிடமும் அம்மாவிடமும் சொல்லி அழும்போது ஸூலு மொழி பேசுகிறான். வெள்ளிக்கிழமையைக் காதலியாக்கிக் கொஞ்சும்போது மட்டும் ‘டார்லிங்’, ‘ஸ்வீட்டி’ என்று ஆங்கிலத்துக்குத் தாவுகிறான். அரசைப் பற்றி ஒரு சொல் இல்லை, சிறை இல்லை, முஷ்டி உயர்த்தல் இல்லை. ஆனாலும் வானொலி அதைப் போடவில்லை.

காரணம் மொழிக் கலப்பு. ஸூலுவுக்குள் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து போடுவது ஸூலுவுக்கு இழுக்கு என்றார்கள். பாடியவர்களில் ஒருவர் வெள்ளையர், மற்றவர் ஸூலு இனத்தவர். ஜானி கிளெக், சிபோ ம்சுனு. மூன்று வருடம் கழித்து ‘ஜுலூக்கா’ என்ற பெயரில் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான்.

தென்னாப்பிரிக்க இசையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜுலூக்காவை ‘இனஒதுக்கலை எதிர்த்துப் பாடிய குழு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரியில் திருப்தி இல்லை. அவர்கள் பாடல்களை வரிசையாகக் கேட்டால் எதிர்ப்புக் கோஷம் மிகக் குறைவு. மாடு, மழை, ரயில், சுரங்கம், ஊருக்குத் திரும்புவது, திரும்ப முடியாமல் போவது, இவைதான் நிறைய. அரசுக்குக் கசந்தது பாட்டின் கருத்தைவிடப் பாட்டின் கட்டுமானம். அதைப் புரிந்துகொள்ள அந்த நாட்டு வானொலியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஸ்.ஏ.பி.சி. என்ற அரசு ஒலிபரப்புக் கழகம் 1960களில் கறுப்பர்களுக்காக ‘ரேடியோ பாண்டு’ என்ற ஏற்பாட்டைச் செய்தது. ஸூலுவுக்கு ஒரு சேவை, கோசாவுக்கு ஒன்று, சோத்தோவுக்கு ஒன்று என்று மொழிவாரியாகத் தனித்தனிச் சேவைகள். வெளியிலிருந்து பார்த்தால் மொழிகளுக்குச் செய்த மரியாதை போலத் தோன்றும். உள்நோக்கம் வேறு. ஒவ்வொரு மொழிக்காரருக்கும் எங்கோ ஒரு ‘தாயகம்’ இருக்கிறது, நகரம் அவருக்குச் சொந்தமில்லை, வேலைக்கு வந்தவர் வேலை முடிந்ததும் போகவேண்டியவர் என்பதுதான் அரசின் கணக்கு. அந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் மொழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். மொழித்தூய்மை என்ற சொல்லுக்கு நம்மிடம் வேறு வரலாறு உண்டு, வேறு மதிப்பும் உண்டு. அங்கே அது வேலி போடப் பயன்பட்டது. இரண்டு மொழியில் ஒரு பாட்டு என்றால் அதற்கு எந்தச் சேவையிலும் இடமில்லை. அதே 1976 ஜூன் 16 அன்றுதான் ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழியான ஆஃப்ரிகான்ஸைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சோவெட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கியதும், போலீஸ் சுட்டதும். அந்த வருடம் அந்த நாட்டில் எந்த மொழியில் பேசுவது என்பது உயிர்ப் பிரச்சினை.

இனி இந்த இருவரும் சேர்ந்த கதை. கிளெக் 1953ல் இங்கிலாந்தில் லங்காஷயரின் பேக்கப் என்ற ஊரில் பிறந்தவர். தாய் அன்றைய ரொடீஷியாவை, இன்றைய ஜிம்பாப்வேயை, சேர்ந்த பாடகி. பையன் வளர்ந்தது பல இடங்களில், கடைசியில் ஜோகன்னஸ்பர்க். பதின்ம வயதில் ஒருநாள் தெருவில் சார்லி ம்ஸீலா என்பவர் கிட்டார் வாசிப்பதைக் கேட்கிறான். ம்ஸீலா அடுக்குமாடி வீடுகளைச் சுத்தம் செய்யும் தொழிலாளி. பையன் அவரையே பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டான். அவரோடு சேர்ந்து வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளுக்குப் போனான், அங்கே வார இறுதிகளில் நடக்கும் ஸூலு நடனக் குழுக்களில் சேர்ந்து ஆடினான். 15 வயதில் போலீஸ் பிடித்தது. யார் எங்கே குடியிருக்கலாம், எங்கே கால் வைக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தை மீறியதாகக் குற்றச்சாட்டு. டர்பனில் கேட்டோ மேனரிலிருந்து தமிழ்க் குடும்பங்களையும் பெயர்த்து எறிந்த சட்டம் அது.

சிபோ ம்சுனு 1951ல் நேட்டாலின் கிரான்ஸ்காப் பகுதியில் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலை தேடி வந்து வெள்ளையர் வீட்டில் தோட்டக்காரராக இருந்தார். ஸூலு கிட்டார் வாசிக்கும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான் என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியது. நம்பிக்கை வரவில்லை. நேரே தேடிப் போய்ப் போட்டிக்கு அழைத்தார். கிளெக்குக்கு அப்போது 16 வயதுபோல. யார் ஜெயித்தார் என்பது முக்கியமில்லை, போட்டிக்கு வந்தவர் அப்படியே கூட்டாளி ஆகிவிட்டார்.

அவர்கள் இருவரும் வாசித்தது மஸ்கண்டா என்ற இசை. பெயர் ஆஃப்ரிகான்ஸில் இசைக்காரனைக் குறிக்கும் ‘மியூசிகாண்ட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இசை முழுக்க ஸூலுகளுடையது. கடையில் மலிவாகக் கிடைத்த கம்பித்தந்தி கிட்டாரைத் தொழிலாளிகள் வாங்கி, அதைத் தங்கள் பழைய வில் வாத்தியங்களின் புத்திக்கு வளைத்தார்கள். கிட்டாரின் மேல் சுருதித் தந்தியை ஒரு படி இறக்கிக் கட்டுவது வழக்கம். கட்டைவிரல் அடித்தந்திகளில் ஒரு பாதையில் போகும், ஆள்காட்டி விரல் மேல்தந்திகளில் வேறு பாதையில் போகும். இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் கால் வைக்காது. பாட்டு தொடங்குமுன் தந்திகளில் மேலிருந்து கீழாக ஒரு வேகமான ஓட்டம் வரும், ஒரு குட்டி ஆலாபனை மாதிரி. அதற்கு இஸிஹ்லாபோ என்று பெயர், குத்து என்ற பொருள் உள்ளே இருக்கிறது. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுப் பாடகர் தன் ஊர், தன் குலம், தன் வீரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் பொழிவார். நான் இன்னார், இன்ன ஆற்றங்கரைக்காரன், என்னோடு மோதினவன் கதி தெரியுமா என்ற தோரணை.

இது உட்கார்ந்து கேட்கிற இசையாகப் பிறக்கவில்லை. நீண்ட தூரம் நடக்கும்போது வாசிக்கிற இசை. பெண் பார்க்கப் போகிறவன் மலையேறிக்கொண்டே வாசிப்பான், ஊரிலிருந்து ரயிலடிக்குப் போகிறவன் வாசிப்பான். அதனால்தான் அதற்கு ஆரம்பமும் முடிவும் அவ்வளவு முக்கியமில்லை. சக்கரம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸூலுப் பாட்டில் தலைவர் ஓரிடத்தில் தொடங்க, கூட்டம் வேறிடத்தில் நுழையும். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் ஆரம்பித்துவிடுவார். எங்கே ‘முதல் வரி’ என்று விரல் வைத்துக் காட்டுவது கஷ்டம்.

ஆங்கில நாட்டார் பாட்டு இதற்கு நேரெதிர். அதில் கதை உண்டு, சரணம் உண்டு, சரணம் முடிந்தால் நிற்க வேண்டும். ஜுலூக்காவுக்கு முன்னால் இருந்த சிக்கல் இதுதான்: நேர்கோட்டில் நடக்கிற பாட்டையும் வட்டமாகச் சுற்றுகிற பாட்டையும் எப்படிச் சேர்ப்பது? அவர்கள் கண்ட வழி எளிது. வட்டத்தை அடியில் விட்டுவிட்டார்கள். கிட்டார் நிற்காமல் சுற்றும். அதன்மேல் கிளெக் ஆங்கிலத்தில் கதை சொல்லிப் போவார். கதை மூச்சு வாங்கும் இடத்தில் ஸூலுக் கூட்டுக்குரல் உள்ளே வரும். அதைப் பின்பாட்டு என்று சொல்வது தவறு. கதைக்கு அது பதில் சொல்கிறது, சில நேரம் மறுத்தும் பேசுகிறது.

1979ல் வந்த முதல் ஆல்பம் ‘யூனிவர்சல் மென்’. எனக்குக் கேட்டால் அவர்கள் செய்ததில் இதுவே உச்சம். ஊருக்கும் நகரத்துக்கும் இடையே அலைகிற தொழிலாளியின் வாழ்க்கைதான் ஆல்பம் முழுவதும். ஒப்பந்தம் போட்டு வருவான், மாதக்கணக்கில் விடுதியில் கிடப்பான், டிசம்பரில் ஊருக்குப் போய்த் தன் பிள்ளைக்கே அந்நியனாக நிற்பான், மறுபடி வருவான். கிளெக் அப்போது விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்துக்கொண்டிருந்தார். ஆனால் பாட்டில் வாத்தியார் வாடை இல்லை, ஏனென்றால் பக்கத்தில் நின்று பாடியவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தார். தயாரித்தவர் ஹில்டன் ரோசந்தால். பாஸ் கிட்டாருக்கு சிபோ குமேடே, சாக்ஸபோனுக்கும் குழலுக்கும் ராபி ஜான்சன் என்று அந்த நாட்டு ஜாஸின் நல்ல கைகளை அழைத்து வந்தார்கள். இரண்டு பேர் கிட்டாரோடு தெருவில் செய்ததை அந்த ஜாஸ்காரர்கள் கெடுக்காமல் விரித்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு பாட்டின் தலைப்பு ஒரு ஸூலுப் பழமொழி: கொம்பு வளைந்திருக்கிற அழகைக் கொண்டு காளை குத்திவிடாது. பார்வைக்குச் சிறியவன்தானே என்று யாரையும் எடைபோடாதே என்று பொருள்.

காளை இங்கே தற்செயலாக வரவில்லை. ‘ஜுலூக்கா’ என்றால் ஸூலுவில் வியர்வை, வியர்த்தல். ம்சுனு வைத்திருந்த ஒரு காளையின் பெயரும் அதுதான். நகரத்து இசைக்குழு ஒன்று ஊர்க் கொட்டிலில் நிற்கும் மாட்டின் பெயரைச் சுமந்துகொண்டு மேடையேறியது.

மேடை கிடைப்பதே பாடு. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பொது இடத்தில் நிகழ்ச்சி நடத்துவதை, அதைக் கலந்து உட்கார்ந்து கேட்பதைச் சட்டங்கள் பல வழியில் தடுத்தன. பல்கலைக்கழக அரங்கம், தேவாலயக் கூடம், தொழிலாளர் விடுதி, தெரிந்தவர் வீடு என்று சந்துபொந்துகளில் வாசித்தார்கள். பாதியில் போலீஸ் வந்து கலைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. வானொலி கைவிட்டதால் ஊர் ஊராகப் போய்த்தான் பெயர் பரவியது. பார்த்தவர்கள் மறக்காததற்கு இன்னொரு காரணம் நடனம். கிளெக்கும் ம்சுனுவும் பாட்டுக்கு நடுவே கிட்டாரை வைத்துவிட்டு, காலைத் தலைக்கு மேல் வீசித் தரையில் ஓங்கி மிதிப்பார்கள். ஸூலு விடுதி நடனம் அது. ஒரு வெள்ளைக்காரர் அதை வேடிக்கைக்காக இல்லாமல், இத்தனை வருடம் அடிபட்டுக் கற்றவராக ஆடியதுதான் பார்த்தவர்களை உலுக்கியது.

1981ல் ‘ஆஃப்ரிகன் லிட்டனி’. இதில் இருக்கும் ‘இம்பி’ பாட்டுக்கு ஒரு தனிக்கதை. 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்லவானா மலையடியில் ஸூலு அரசர் கெட்ஷ்வாயோவின் படை பிரிட்டிஷ் முகாமைத் துடைத்தெடுத்தது. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 1,300க்கு மேல். ஈட்டியும் கேடயமும் துப்பாக்கியை வென்ற நாள். அதைத்தான் பாட்டு சொல்கிறது: இதோ படை வருகிறது, சிங்கங்களை யார் தொட முடியும் என்று கூட்டம் கேட்கிறது. எஸ்.ஏ.பி.சி. தடை போட்டது. இன்று அதே பாட்டு, தென்னாப்பிரிக்க ரக்பி அணி இங்கிலாந்தோடு மோதும்போது அரங்கத்தில் வெள்ளையரும் சேர்ந்து கத்துகிற பாட்டு. வெள்ளையரின் தோல்வியைப் பாடியது என்று ஒரு காலத்தில் கசந்த பாட்டில், எதிரி யார் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் இரண்டு ஆல்பம். ‘உபுஹ்லே பெம்வேலோ’ முழுக்க ஸூலுவில். ‘ஸ்கேட்டர்லிங்ஸ்’ இருமொழியில். மனித இனமே ஆப்பிரிக்காவிலிருந்து சிதறிப் போனதுதானே என்று பாடும் ‘ஸ்கேட்டர்லிங்ஸ் ஆஃப் ஆஃப்ரிகா’ 1983ல் பிரிட்டன் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள் வந்தது. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கூப்பிட்டன. கிளெக் பல்கலைக்கழக வேலையை விட்டார். 1983ன் ‘வொர்க் ஃபார் ஆல்’ வேலையின்மையையும் கறுப்பர் குடியிருப்புகளின் வன்முறையையும் கொஞ்சம் நேரடியாகத் தொட்டது.

1984ல் குழு எங்கே விரிசல் கண்டது என்பது தலைப்புகளிலேயே தெரியும். ஒரு பக்கம் உள்ளூருக்கு ‘மூசா உகுங்கிலண்டேலா’, அதாவது என்னைப் பின்தொடராதே. இன்னொரு பக்கம் வெளிநாட்டுக்கு ‘தி இன்டர்நேஷனல் ட்ராக்ஸ்’. இந்த இரண்டாவதில் சிந்தசைசர் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பாட்டு ஆங்கிலப் பாப் வடிவத்தில் நேராக நடக்கிறது, கிட்டாரின் வட்டம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. மோசமான பாடல்கள் இல்லை. ஆனால் ஜுலூக்காவைத் தனியாக அடையாளம் காட்டிய அந்த உரையாடல் அதில் மெலிந்துவிட்டது. ஒரே ஆல்பத்தில் இரண்டு உலகத்தையும் வைத்திருந்தவர்கள், இப்போது ஆளுக்கொரு தட்டு என்று பங்கு போட்டுவிட்டார்கள்.

1985ல் ம்சுனு குழுவை விட்டு ஊருக்குப் போனார். மாடு மேய்க்க, நிலம் பார்க்க. இதை ஏதோ புகழைத் துறந்த கதையாகச் சிலர் எழுதுகிறார்கள். அவருக்கு அது இயல்பான அடுத்த படி என்று நினைக்கிறேன். சம்பாதித்தால் மாடு வாங்கி ஊரில் நிலைப்பது என்பதுதான் வெளியூர் போன ஒவ்வொரு ஸூலுத் தொழிலாளியின் கனவு. ‘யூனிவர்சல் மென்’ பாடியதும் அதைத்தான். பாட்டில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது.

அதே 1985 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து உள்ளூர்க் கலைஞர்களோடு ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்துக்கான ஒலிப்பதிவைத் தொடங்கினார். அதற்கு முன் அவருக்கு அந்நாட்டு இசைத்தட்டுகளைக் கட்டி அனுப்பி வழிகாட்டியவர், ஜுலூக்காவின் தயாரிப்பாளர் ரோசந்தால்தான். உலகம் தென்னாப்பிரிக்க கிட்டாரைக் கண்டுபிடித்ததாகக் கொண்டாடிய நேரத்தில் ஜுலூக்கா கலைந்திருந்தது.

கிளெக் 1986ல் ‘சவூக்கா’ என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். நாங்கள் எழுந்துவிட்டோம் என்று பொருள். இங்கே அரசியல் மறைவாக இல்லை. நாடு அவசரநிலையில் இருந்தது. 1987ல் வந்த ‘தேர்ட் வேர்ல்ட் சைல்ட்’ ஆல்பத்தின் ‘அசிம்போனங்கா’, அவரை நாங்கள் பார்க்கவில்லை என்று சிறையிலிருந்த மண்டேலாவைப் பாடுகிறது. அவர் படத்தை அச்சிடுவதே குற்றமாக இருந்த நாட்டில் அது நேரடி விவரணை. ஒரு தலைமுறைக்கு அவர் முகமே தெரியாது. பாட்டின் நடுவே கொல்லப்பட்டவர்களும் காவலில் இறந்தவர்களுமாக மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்: ஸ்டீவ் பீக்கோ, விக்டோரியா ம்ஸேங்கே, நீல் ஆகட். பிரான்ஸில் அந்த ஆல்பம் பெரும் வெற்றி. அங்கே கிளெக்குக்கு ‘வெள்ளை ஸூலு’ என்று பட்டப்பெயரே விழுந்தது. அந்தப் பட்டம் ம்சுனுவையும் ம்ஸீலாவையும் சத்தமில்லாமல் படத்திலிருந்து எடுத்துவிடுகிறது என்பது என் குறை.

இன்னொரு பக்கம் அடி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவோடு கலைத் தொடர்பு வேண்டாம் என்று 1980ல் ஐ.நா. பொதுச்சபை கேட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அதைக் கறாராகக் கடைப்பிடித்தது. கிளெக் தன் சொந்த நாட்டில் வாசிப்பதை நிறுத்தவில்லை என்பதற்காக அவரை விலக்கியது. அதனால் 1988 ஜூனில் வெம்ப்ளியில் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாள் நிகழ்ச்சியில், மண்டேலாவைப் பற்றிப் பாட்டு எழுதிய மனிதருக்கு இடமில்லை. புறக்கணிப்பு தவறு என்று நான் சொல்லவரவில்லை. அது அந்த அரசை நெருக்கிய கருவிகளில் ஒன்று. ஆனால் தடைபோட்ட வானொலிக்கு இருந்த பிரச்சினையே இதற்கும் இருந்தது: இரண்டு பக்கமும் கால் வைத்தவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

சவூக்காவின் பாதை துக்கத்தில் முடிந்தது. கிளெக்கின் மானுடவியல் வழிகாட்டியும் இனஒதுக்கல் எதிர்ப்பாளருமான டேவிட் வெப்ஸ்டர் 1989 மே 1 அன்று தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். மேடையில் கிளெக்கின் நடன ஜோடியாக இருந்த டூடூ ஸூலு 1992ல் கொல்லப்பட்டார். டாக்ஸிக்காரர்களுக்கு இடையிலான சண்டையை விலக்கப் போனவர் என்று சொல்லப்படுகிறது. அவருக்காகப் பாடிய ‘தி கிராசிங்’ 1993ன் ‘ஹீட், டஸ்ட் அண்ட் ட்ரீம்ஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. சவூக்காவின் கடைசி ஆல்பமும் அதுதான்.

1999ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு மேடையில் கிளெக் ‘அசிம்போனங்கா’ பாடிக்கொண்டிருக்கும்போது கூட்டம் திடீரென்று ஆர்ப்பரித்தது. திரும்பிப் பார்த்தால் பின்னாலிருந்து மண்டேலா ஆடிக்கொண்டே வருகிறார். பார்க்கவில்லை என்று பாடிக்கொண்டிருந்த பாட்டுக்குள் பாடப்பட்டவரே நடந்து வந்துவிட்டார். அந்தக் காணொளி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. கிளெக் கணையப் புற்றுநோயால் 2019 ஜூலை 16 அன்று இறந்தபோது பலர் பகிர்ந்தது அதைத்தான்.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த ஃபிராங்க்ஃபர்ட் மேடைக்கு இரண்டு வருடம் முந்தைய ஒலிப்பதிவை. இனஒதுக்கல் போய், சேர்ந்து வாசிக்க யார் அனுமதியும் வேண்டாத காலத்தில், ம்சுனு ஊரிலிருந்து வந்தார். இருவரும் சேர்ந்து 1997ல் ஜுலூக்கா பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டார்கள். அதற்குப் பின் அந்தப் பெயரில் புதிய ஸ்டூடியோ ஆல்பம் வரவில்லை. தலைப்பு ‘யா வூக்கா இன்குன்ஸி’. காளை எழுந்துவிட்டது.